மண்மேட்டுக்குப் பின்னால் யாரும் போகக்கூடாது

இந்தச் சண்டை முடிகிறவரை மண்வெட்டியைத் தொடமாட்டேன் என்று நான் சபதம் செய்துகொண்டேன். மனசுக்குள்தான். எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சபதம் செய்கிற உரிமை என் மனைவி ஆசியா பீவிக்கு மட்டுமே உண்டு.

ஜப்பான்காரன் பினாங்குக்குள் வந்தான். அரிசி வெளியே போனது. ஊரே மரவள்ளிக்கிழங்கு நட ஆரம்பித்துவிட்டது. வக்கீல் நட்டார். வாத்தியார் நட்டார். டவுனில் குண்டு விழுந்த பயத்தில் ஆயர் ஈத்தாமுக்குக் குடிவந்த எங்கள் வீட்டில்தான் கொல்லை சும்மா கிடந்தது. அதிலும் பாதி கல். ஊரில் எல்லோரும் மண்ணைக் கொத்தினார்கள். ஆசியா என்னைக் கொத்தினாள்.

என் பெயர் சீனி முகம்மது. பெயரில்தான் சீனி, வீட்டில் அதைக் கண்ணால் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. வெள்ளைக்காரத் துரைமார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுட்டுப் பழகிய கிளப்பில் நான் கணக்கெழுதும் கிராணி. மலையடிவாரத்தில் பெரிய திறந்தவெளி மைதானம். துரைமார்கள் ஓடிப்போனார்கள். ஜப்பான்காரன் வந்து துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டான். மைதானத்தை அள்ள முடியவில்லை. என் கையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. அந்தப் பட்டையைக் கண்டால் ரோட்டில் கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்கிறவன்கூட என்னைத் தொடமாட்டான். ஆசியா தொடுவாள்.

ஒரு நாள் மைதானத்துக் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூளை பளிச்சென்று வேலை செய்தது. வீட்டுக்குப் போனதும் ஆரம்பித்தேன்.

"நாளையிலேர்ந்து பட்டாளத்துக்காரங்க சுட்டுப் பழக வர்றாங்க. காலையிலேர்ந்து பொழுது சாஞ்சு மஃரிப் வரைக்கும் நான் அங்க இருக்கணும்."

"அப்ப கொல்லைய யாரு கொத்துறது?"

"உசிரு பெருசா, ஊபிக் கிழங்கு பெருசா? அங்க எனக்குப் பாதுகாப்பு வேலை, புள்ள."

"அப்படி என்ன பாதுகாப்பு?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என் வேலையைப் பற்றிக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கொடிமரத்துல சிவப்புக் கொடி ஏத்திட்டா சுடுறாங்கன்னு அர்த்தம். ஈ காக்கா உள்ள வரக்கூடாது. நாலு பாஷையில போர்டு மாட்டியிருக்கு."

"ஆடு மாடு பாஷை படிக்குமா?"

"அதுக்குத்தான் சுத்திலும் முள்ளுக்கம்பி வேலி."

"சுடுற குண்டு எங்க போயி விழும்?"

"குறிப்பலகையில. பலகைக்கு முன்னால சிமெண்டு வச்சுக் கட்டின குழி இருக்கு. பலகைய ஏத்தி இறக்குற ஆளு அதுக்குள்ள பத்திரமா உக்காந்துக்குவான். பலகைக்குப் பின்னால பெரிய மண்மேடு. குண்டெல்லாம் அதுல செருகிக்கும்."

"மேட்டுக்குப் பின்னால?"

"மலை வரைக்கும் சும்மாதான் கெடக்கு. ஓடைகூட ஓடுதாம். ஆனா அங்க யாரும் போகக்கூடாதுலா. தப்புற குண்டு அந்தப் பக்கம்தான் போகும். இத்தன வருஷத்துல நானே அங்க கால் வச்சதில்ல."

"இனிமேலும் வைக்க மாட்டீங்களே?"

"துப்பாக்கியே இல்லாட்டியும் வைக்க மாட்டேன். உடம்புல ஊறிப்போன சட்டம்."

"நல்லது. கவனமா இருங்க" என்றாள். அவள் கண்ணில் கவலை தெரிந்தது. கவலை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சிவப்புக் கொடியை ஏற்றினேன். பாயை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். ஆஹா! குண்டுக்கே பயப்படாத இடம். மனைவிக்கு மட்டும் பயப்படுமா? சிமெண்டுச் சுவர் ஜில்லென்றிருந்தது. லுஹர் தொழுதுவிட்டு மறுபடி படுத்தேன். மாலையில் களைத்த முகத்தோடு வீட்டுக்குப் போனேன். தூங்கினால் களைப்பாகத்தானே இருக்கும்?

இரண்டு வாரம் போயிற்று. ஆசியா கொல்லைப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நம்பினேன். கொஞ்ச நாளில் வேறு பேச்சு வந்தது.

"கொடி பறக்குது. ஆனா சத்தமே காணோமே? பக்கத்து வீட்டு சபூரா கேக்குறா, உங்க வீட்டுக்காரரு அங்க தூங்குறாரான்னு."

கொடியை நினைத்தவன் வெடியை நினைக்கவில்லையே! விஷயம் தெரிந்தால் மண்வெட்டி கையில் வந்துவிடும்.

"அது... புதுத் துப்பாக்கி. சத்தம் கம்மி. நாளைக்குப் பழசக் கொண்டு வர்றாங்க."

மறுநாள் மைதானத்துக் கொட்டகையில் கழன்று கிடந்த ஒரு தகரத்தைத் தூக்கி நிறுத்தி, கட்டையால் ஓங்கி அடித்தேன். டமார்! கொஞ்சம் படுத்தேன். மறுபடி எழுந்து, டமார்! அன்றிரவு ஆசியாவுக்கு ரொம்பத் திருப்தி.

"இப்பத்தான் சுடுற மாதிரி இருக்கு. ஆனா அஸருக்கு மேல கேக்கலயே? சாயங்காலம் கொஞ்சம் கூடுதலாச் சுடச் சொல்லுங்க. விடிஞ்சதும் நாலு சுடச் சொல்லுங்க."

"பட்டாளத்துக்காரன் நான் சொன்னாக் கேப்பானா?"

"சொல்லிப் பாருங்க. கேப்பான்."

கேட்டான். காலையில் அடித்தேன், மாலையில் அடித்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. மண்ணைக் கொத்தினவனுக்குக்கூட அப்படி வந்திருக்காது. ஆசியா விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். "சுடுறவங்க கைய விட உங்க கை மோசமா இருக்கே" என்றாள். சிரிக்கவேயில்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. திடீரென்று எங்கள் வீட்டில் மரவள்ளி மணக்க ஆரம்பித்தது. அவித்தது, பொரித்தது, புட்டு. ஏது என்று கேட்டதற்கு, "சபூரா குடுத்தா" என்றாள். வயிறு நிறைந்தவன் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

பிறகு அந்தக் குரங்கு வந்தது. குழியில் படுத்திருந்தேன். தலைக்கு மேலே குறிப்பலகையில், சரியாக நடுப்புள்ளிக்கு மேல் உட்கார்ந்து எதையோ கடித்துக்கொண்டிருந்தது. தோல் என் மூக்கில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். பச்சை மரவள்ளிக்கிழங்கு!

கல்லை எடுத்தேன். குரங்கு மண்மேட்டில் தாவி ஏறியது. நானும் துரத்திக்கொண்டு ஏறினேன். உச்சிக்குப் போன பிறகுதான் சட்டம் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

மலை வரைக்கும் மரவள்ளிக் காடு! ஓடையோரம் கூடை கூடையாகக் கிழங்கு. ஆசியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள். சபூராவும் எங்கள் வரிசை வீட்டுப் பெண்களும் மண்ணைத் தட்டி அடுக்கினார்கள். இத்தனை பேர் வயிறும் இதில்தான் நிறைந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இவள் என் பெண்டாட்டி என்று மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அதட்டினேன்.

"ஆசியா! இங்க யாரும் வரக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"அதனாலதான் வந்தோம். நீங்க கொடி ஏத்தி வச்சதுல ஒரு கிழங்குகூடத் திருட்டுப் போகல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சட்டம் பேசுவீங்க. தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

சபூரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற பெண்கள் அதுகூடச் செய்யவில்லை. அதற்குள் மலைப் பக்கமிருந்து இன்னும் ஏழெட்டுக் குரங்குகள் கிளை தாவி இறங்கின. ஆசியா இடுப்பில் கை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, நீங்க இங்க வந்து நின்னுக்கிட்டா, அங்க தகரத்த யாரு தட்டுறது?"