என்னைச் சாகடித்த நாவலைப் பற்றி ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய தோழர் பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

ஸ்லிவோவ்தோல் என்னும் மலைக் கிராமத்தின் ஓய்வுபெற்ற மேய்ப்பன் நெத்யால்கோ, உயிரோடிருந்து எழுதுவது. தாங்களும் வீட்டாரும் பதிப்பகத்துத் தோழர்கள் யாவரும் சுகமாயிருக்க வேண்டும். எனக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் சொல்லச் சொல்லத் தபால் நிலையத்து ஸ்தோயங்கா எழுதுகிறாள். அவள் சிரித்த இடங்களில் எழுத்து ஆடியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தங்களுக்கு நாவல் அனுப்பியிருக்கும் ஓக்னியன் என் மகள் ருமியானாவின் புருஷன், வீட்டோடு மாப்பிள்ளை. பால் பண்ணையில் பாலின் கொழுப்பை அளக்கும் வேலை. நாலு வருஷமாக நாவலாசிரியன் ஆகப் போகிறானாம். தலையணை தடிமனுக்கு வெளிநாட்டு நாவல்களைக் கொண்டுவந்து படிப்பான். குளிர்காலத்துக்குக் குடைமிளகாய் சுடச் சொன்னால் ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் மிளகாய். அந்த வருஷம் கரியைத்தான் ஊறுகாய் போட்டோம். நாவல் எழுதுகிறவர்கள் கதைக்காக ஊரைச் சுற்றுவார்களாம். இவன் என்னைச் சுற்றினான். "மாமா, உங்க அப்பா செத்த அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்பான். "அவரைக்காய் சூப்புடா. உப்புக் கம்மி," என்பேன். எனக்கு எதுவும் மறக்காது; அதுதான் வினை. நான் மூக்கைச் சிந்தினாலும் குறித்துக்கொள்வான். கடைசியில் முழுவதையும் வாசித்துக் காட்டினான். நெத்யால்கோ என்ற மேய்ப்பன் நானூறு பக்கம் வாழ்ந்துவிட்டுச் செத்துப்போகிறான். "ஏன்டா மாப்ளே என்னைக் கொன்னே?" என்றேன். "நாவல்னா கடைசியில ஒரு சாவு வேணும் மாமா." "பேரையாவது மாத்தித் தொலையேன்." "பேரை மாத்தினா உயிர் போயிடும் மாமா!" என்றானே பார்க்கலாம்.

அதோடு விட்டானா? கடைசிப் பக்கமாகக் கறுப்புக் கட்டம் போட்ட கண்ணீர் அஞ்சலித் தாளையே ஒட்டினால் தாங்கள் அசந்துபோவீர்கள் என்று, என் படத்தை எடுத்துக்கொண்டு டவுன் அச்சகத்துக்குப் போய்விட்டான். அங்கே ஒரு தாளுக்காக இயந்திரத்தை ஓட்ட மாட்டார்கள். முப்பது அடித்து, வழக்கப்படி பஸ் ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டார்கள். அவரும் வழக்கப்படி நிறுத்தத்துக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டே வந்து, கிணற்றடியிலும் சாராயக்கடைக் கதவிலும் கடைசியாக என் வீட்டு வாசலிலும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். நானும் மகளும் மூன்று நாளாக மலையில் திராட்சை அறுப்பில் இருந்தோம். நான் கழுதையோடு முதலில் இறங்கி வந்தேன். கிணற்றடியில் கறுப்புக் கட்டம். யார் போனது என்று கிட்டே போய்ப் பார்த்தேன். நான்.

வீட்டுக்குப் போனால் வாசல் நிறையக் கூட்டம். பெண்கள் செத்தவர் பேரில் கொடுக்கும் சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைக் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து அழுகிறார்கள். ஓக்னியன் நடுவில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். ஆள் சாகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொன்னால் அழுகை நின்றுவிடுமாம்.

அப்போதுதான் தனாஸ் வந்தான். அவனும் நானும் ஒரே மலையில் ஆடு மேய்த்தவர்கள். என் மணிக்கடா காணாமல் போனபோது ஓநாய் தின்றது என்றான் அவன். நீதான் தின்றாய் என்றேன் நான். அன்று அவன் வீட்டு அடுப்பில் வந்த கறி வாசனை என் மூக்கில் இன்னும் இருக்கிறது. முப்பத்தோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நான் யார் கண்ணிலும் படாமல் முசுக்கட்டை மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவன் வாசல் தாளைப் பார்த்துப் பேசினான்: "டேய் நெத்யால்கோ, முந்திக்கிட்டியேடா கழுதைப் பயலே. சரி, கேட்டுக்க. உன் கடாவை ஓநாய் தின்னலை. நான்தான்டா தின்னேன். நீ சொன்னதுதான் சரி. நிம்மதியாப் போ." எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுடா!" என்று குதித்து வந்தேன். என் ஆத்மாவுக்காக மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்த திராட்சைச் சாராயத்தில் மீதியை அவன் என் தலையில் ஊற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கோதுமைக் கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

அன்றிலிருந்து பத்தொன்பது நாளாகத் தனாஸ் தினமும் வருகிறான். பகடை ஆடுகிறோம், குடிக்கிறோம், திட்டிக்கொள்கிறோம். ஆனால் ஓக்னியன் அவன் சொன்னதை அப்படியே கடைசி அத்தியாயமாக எழுதி, அவன் பேரையும் மாற்றாமல், தங்களுக்கு அனுப்பிவிட்டான். அது அச்சானால் ஊர் ஊராக நூலகத்தில் தனாஸ் கடா திருடனாக உட்கார்ந்திருப்பான். என் வாசலை மிதிக்க மாட்டான். தோழரே, எனக்கு எழுபத்தாறு வயது. இன்னொரு முப்பத்தோரு வருஷம் கோபித்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. அந்த அத்தியாயத்தைக் கிழித்து அடுப்பில் போட வேண்டுகிறேன். என்னைக் கொன்றது இருந்துவிட்டுப் போகட்டும்.

தங்கள் கண்ணுக்கு ஒளியும், தங்கள் ஆடுகளுக்கு இரட்டைக் குட்டியும் கிடைக்கட்டும். ஆடு இல்லாவிட்டால் வேறு எதற்காவது.

இப்படிக்கு,
நெத்யால்கோ (பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் தனாஸ் தபால் நிலையத்துக்குப் பத்திரிகை வாங்க வந்துவிட்டான். ஸ்தோயங்காவின் வாய் சும்மா இருக்குமா? முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கிறுக்கா, உன் கடாவை ஓநாய்தான்டா தின்னுச்சு. செத்தவன்கிட்ட போய் எதுக்கு வம்பு, ஜெயிச்ச சந்தோஷத்தோட போகட்டும்னுதான் அப்படிச் சொன்னேன்." "அப்ப நான் மரத்துக்குப் பின்னால இருந்து வந்ததும் ஏன்டா சொல்லலை?" என்றேன். "முப்பத்தோரு வருஷம் கழிச்சு உள்ளே கூப்பிட்டு உக்கார வெச்சே. அதைக் கெடுத்துக்கவா?" என்றான். ஆகவே தோழரே, அத்தியாயத்தைக் கிழிக்க வேண்டாம், அச்சிடுங்கள். கடாவை ஓநாய் தின்றது என்று மட்டும் மாற்றிவிடுங்கள். யாராவது சாட்சி கேட்டால், நானே என் கண்ணால் பார்த்தேன்.