பெஞ்சமின் சிக்னல் தேடிய கதை

கல்யாணமாகி நாற்பத்தேழு வருஷத்தில் பெஞ்சமின் தன் மனைவி பிரிசில்லாவிடம் சொல்லி மாட்டிக்கொள்ளாத பொய் ஒன்றே ஒன்றுதான். பீடியை விட்டுவிட்டேன் என்ற பொய் அரை நாள் தாங்கியது. சர்க்கரை போடாத டீதான் குடித்தேன் என்ற பொய் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் இந்த ஒரு பொய் மட்டும் முப்பத்துநாலு வருஷமாக ஆடாமல் அசையாமல் நின்றது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஸ்டான்லியின் கம்ப்யூட்டரைப் படாளம் ஸ்கூலுக்குக் கொடுத்துவிட்டேன் என்பதுதான் அந்தப் பொய்.

ஸ்டான்லி அவர்களுடைய ஒரே பிள்ளை. பிரிசில்லாவின் அண்ணன் ஆபிரகாம் கப்பல் வேலையிலிருந்து வந்தபோது, ரப்பர் பட்டன் வைத்த ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரை மருமகனுக்கென்று கொண்டுவந்து கொடுத்தார். சிலேட்டை விடக் கொஞ்சம் பெரியது. டிவியில் சொருக வேண்டும், டேப் ரிக்கார்டரில் கேசட் போட வேண்டும். பையன் அதிலேயே குடியிருந்தான். டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை வந்தது. பெஞ்சமின் அதைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "பரீட்சை முடியட்டும், தர்றேன்" என்றார். பரீட்சைக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. ஒரே வாரத்தில் போய்விட்டான். பன்னிரண்டு வயது.

"அது என் கண்ணுல படக் கூடாது" என்றாள் பிரிசில்லா. பெஞ்சமினுக்குத் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை. கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, பரண் மேல் கிறிஸ்துமஸ் ஸ்டார் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தார். பூட்டியதைத் திறந்து கொடுக்காமலே விட்டுவிட்டோமே என்ற நினைப்பு மட்டும் எந்தப் பரணிலும் ஏற மறுத்தது.

ஸ்டான்லி பிறந்தது ஜனவரி பதினேழு. வருஷா வருஷம் அந்த நாளில் பிரிசில்லா காலையிலேயே சோறு கட்டிக் கொடுத்து அவரை வேடந்தாங்கலுக்கு அனுப்பிவிடுவாள். தனியாக அழ வேண்டும்போல, பாவம் என்று அவரும் போவார். ஏரிக்கரையில் நின்று பறவைகளைப் பார்ப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தும் நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாது. பார்த்தால்தானே தெரியும்.

இந்த வருஷம் பதினேழாம் தேதி வழக்கம் மாறியது.

"இந்த வாட்டி நீ எங்கயும் போவ வாணாம்" என்றாள். "நான் மாமல்லபுரம் அண்ணன் வூட்டுக்குப் போறேன். சாயங்காலந்தான் வருவேன்."

"இன்னா திடீர்னு?"

"அண்ணன் வூட்டுக்குப் போறதுக்கு கலெக்டராண்ட மனு குடுக்கணுமா?"

"நாஸ்தா கூட துன்னலியே நீ."

"பசிக்கல." செருப்பை மாட்டிக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள்: "டிவி ரிப்பேர் பண்ற நூர்முகமது பாய் சொன்னாரு, அந்தக் காலத்து கம்ப்யூட்டர கூட புது டிவில போட்டுப் பாக்கலாமாம். நம்மளுதத்தான் நீ ஸ்கூலுக்குக் குடுத்துட்டியே."

"ஆமா ஆமா. குடுத்துட்டேன்."

"ரசீது கூட வாங்கல."

"தானம் பண்ணதுக்கு இன்னாத்துக்கு ரசீது?"

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. பெஞ்சமின் நூறு வரை எண்ணினார். எழுபது வயசு, முழங்கால் வலி எல்லாம் மறந்து ஏணியைத் தூக்கினார். இன்றைக்குப் பார்த்துவிடுவது. பிள்ளை அந்தக் கேசட்டில் என்னதான் வைத்திருக்கிறான், அப்பனுக்கென்று ஒரு வார்த்தையாவது வைத்திருக்கிறானா என்று பார்த்துவிடுவது.

பெட்டியில் தூசியே இல்லை. பழைய துணி மடிப்புக் கலையாமல் சுற்றியிருந்தது. டேப் ரிக்கார்டரின் பெல்ட் புதுசு போல் இருந்தது. அந்தக் காலத்துப் பொருளே தனி என்று மெச்சிக்கொண்டார். கேசட்டின் மேல் ஸ்டான்லியின் கோணல் கையெழுத்து: கணக்கு ரிவிஷன். அதைக் கண்டதும் ஏணியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். கணக்குப் படித்த பிள்ளையையா அப்படித் திட்டினேன்?

புது டிவி நாற்பத்துமூன்று இஞ்சு. போன தீபாவளிக்கு, வீட்டிலிருந்த பதினாலு இஞ்சுப் பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு வாங்கினார். சர்ப்ரைசாக இருக்கட்டும் என்று சொல்லாமல் செய்தார். சர்ப்ரைசாகத்தான் இருந்தது. பிரிசில்லா ரெண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். ஒரு ஓட்டை டிவிக்கா இப்படி அழுவார்கள் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

அந்தப் புது டிவியின் பின்னால் ஒரு வரிசை ஓட்டை. கம்ப்யூட்டரின் ஒயர் எதிலும் சேரவில்லை. அவரோ ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். எப்படியோ ஒன்றில் திணித்தார். டிவி பெரிய எழுத்தில் சொன்னது: சிக்னல் இல்லை.

"யார்கிட்ட சொல்ற?" என்று டிவியைப் பார்த்து உறுமினார். பிறகு வெட்கத்தை விட்டு நூர்முகமதுவுக்குப் போன் போட்டார்.

"பாய், ஒருத்தர் வூட்டுல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கீது…"

"அண்ணாத்த, ஏரியல் ஓட்டைல சொருவு. உருண்டையா கீதே, அது."

"சொருவிட்டேன். அவரு சொருவிட்டாரு."

"செட்டிங்ல போ. சானல் தேடுன்னு வரும். டிஜிட்டல்ல தேடாத, அனலாக்ல தேடு. பொறுமையா இரு. அந்த டிவிக்கு இது தூரத்து ஸ்டேஷன் மாதிரி."

டிவி தேடியது. ஒன்று, ரெண்டு, பத்து, இருபது சதவீதம். புள்ளி மழை. மறுபடி புள்ளி மழை. பெஞ்சமின் முட்டி போட்டு ரிமோட்டைக் கும்பிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். எழுபது சதவீதத்தில் மழை விட்டது. வெள்ளைத் திரை, அடியில் ஒரு வரி இங்கிலீஷ்.

"வந்திருச்சி பாய்!"

"படம் லேசா ஆடுதா? ஆடட்டும், அது எப்பவும் ஆடும்" என்று நூர்முகமது போனை வைத்தார். எப்பவும் என்றால் எப்போது என்று கேட்க பெஞ்சமினுக்குத் தோன்றவில்லை.

கேசட்டை ஓட விடுமுன் லோட் என்று அடிக்க வேண்டும், அவ்வளவு ஞாபகம் இருந்தது. எல் பட்டனைத் தேடி அழுத்தினார். எல் வரவில்லை. லெட் என்று ஒரு முழு வார்த்தை வந்து குந்திக்கொண்டது. அழித்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி லெட். பக்கத்தில் ஓ, ஏ, டி எல்லாம் போட்டார். ஒரு கேள்விக்குறி கண்ணைச் சிமிட்டியது. அரை மணி நேரம் போனது. வேர்த்துக் கொட்டியது. "என்னைப் பெத்த அப்பா, தெறயேன்டா!" என்று மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"ஜே அழுத்துய்யா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அழுத்தினார். லோட் என்று முழுசாக வந்தது. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார்.

வாசற்படியில் பிரிசில்லா.

"நீ… மாமல்லபுரம் போவல?"

"பக்கத்து வூட்டு ரோகிணியாண்ட குந்திக்கினு இருந்தேன். நீ மேஜைய ஒடைக்கிற சத்தம் கேட்டுச்சி. நவுரு. இன்னும் மேற்கோள் குறி ரெண்டு போடணும்."

பரபரவென்று ரெண்டு விரலால் போட்டாள். கேசட்டை ஓட விட்டாள். பூனைச் சண்டை மாதிரி ஒரு கீச்சல் கிளம்பியது. டிவியின் ஓரமெல்லாம் கோடு கோடாக நிறம் ஓடியது.

"பிரிசி, இது பரண்ல கீதுன்னு ஒனக்கு…"

"அவன் போன அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் எடுக்க ஏறினது யாரு? நீயா? முழங்கால் வலின்னு என்னத்தான ஏத்துன?"

"அப்ப வேடந்தாங்கல்?"

"ஒன்ன வேற எங்க அனுப்புறது? நூர்முகமது பாய்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தாரு, பெல்ட்டு மாத்திக் குடுத்தாரு. வருசத்துக்கு ஒரு நாள். பழைய டிவில போட்டுப் பாப்பேன். நீ அத்தக் கொண்டுபோய் குடுத்துட்டு வந்து, சர்ப்ரைஸ் சர்ப்ரைஸ்னு குதிக்கிற."

பெஞ்சமினுக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு இருந்த ஒரே ஜன்னலைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்திருக்கிறார், அதற்கு ஒரு ரிமோட்டை இலவசமாக வாங்கிக்கொண்டு.

"என்னாண்ட சொல்லியிருக்கலாமே பிரிசி."

"இந்தப் பெரிய டிவில எனக்குத் தேடத் தெரில. அதுக்குத்தான் ஒன்ன வூட்டுல வுட்டுட்டுப் போனேன். படம் வந்ததும் நான் வந்துட்டா, பொய் மாட்டிக்கினதுல நீ பயந்துக்கினு ஓடிடுவன்னு பாத்தேன். ஒனக்குக் காட்ட வாணாம்னுதான் இத்தினி வருசமா…"

கீச்சல் நின்றது. திரையில் ஒரு கேள்வி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: யாரு?

"கணக்குன்னு போட்டுக் கீதே மேல?"

"நீ தொடக் கூடாதுன்னு போட்டான்."

அவள் அம்மா என்று அடித்தாள். திரை கேட்டது: அம்மா, சாப்ட்டியா? அவள் இல்ல என்று அடித்தாள். அவன் எழுதி வைத்துவிட்டுப் போனது வந்தது: போய் சாப்ட்டு வா. நான் இங்கயே இருக்கேன்.

"இதுக்காகத்தான் இன்னிக்கு வெறும் வயிறா?"

"துன்னுட்டு இல்லன்னு எப்பிடி சொல்றது? புள்ளையாண்ட பொய் சொல்லலாமா?" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "போதும். ஆஃப் பண்ணிடலாம்."

"எனக்கு?"

"வாணாய்யா."

"எனக்கு இன்னா வெச்சிக் கீறான்? நானும் அவனுக்கு அப்பன்தானடி."

அவள் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி யாரு என்று கேட்டபோது, பெஞ்சமின் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அப்பா என்று அடித்தார். எழுத்து லேசாக ஆடியது.

திரை சட்டென்று கறுத்தது. கொட்டை எழுத்தில் வந்தது: அம்மா, அப்பா வராரு! ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணு!

பெஞ்சமினுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. படவா, எப்படிப் பிடித்திருக்கிறான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"எங்கய்யா போற?"

"வெளிய. நான் இருந்தா அவன் ஆஃப் பண்ணச் சொல்லுவான். நீ பாரு."

பிரிசில்லா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கையைப் பிடித்து உட்கார வைப்பாள் என்று அவர் நினைத்தார். அவள் அம்மா என்று மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.

"போறதுதான் போற, கதவ சாத்திக்கினு போ. டிவில வெளிச்சம் அடிக்குது."