ஞாபகத்துக்கு இரண்டு டம்ளர்

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிங்க. நேத்து பாதியை வாஷ்பேசின்ல கொட்டினது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க."

பிழைதிருத்தி டம்ளரை வாங்கினார். வல்லாரைக் கஷாயம். அச்சகத்தில் ஊரார் எழுதும் தப்பையெல்லாம் சிவப்பு மையால் சுழிக்கிற மனுஷனுக்கு வீட்டில் மறதி முற்றிவிட்டதாம். மனைவி வைத்தியம் தொடங்கி இது ஒன்பதாவது நாள்.

மடக்கென்று ஊற்றிக்கொண்டு மாடிக்கு ஓடினார். மாடி வீட்டில் அவருடைய அக்கா இருந்தாள். அவள் போடும் காபியில் வாயைக் கழுவிக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

"நாக்கை நீட்டுடா. பச்சையா இருக்கே! வல்லாரை குடுத்தாளா உன் பொண்டாட்டி? மறதிக்கு நீர்ப்பிரம்மிதான் கேக்கும்னு போய்ச் சொல்லு அவகிட்ட."

"சொல்றேன்க்கா."

காபி வரவில்லை. இன்னொரு டம்ளர் கஷாயம் வந்தது. அது முதல் டம்ளரையே தேன் என்று சொல்ல வைத்தது.

சொல்றேன் என்றாரே தவிர, சொல்ல மாட்டார். அவருடைய மறதியே அதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், இரவல் வாங்கிய தையல் மெஷினில் ஊசி உடைந்ததற்காகக் கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் மனசு கேட்கவில்லை. "நான் பேசினது தப்புன்னு அவகிட்ட சொல்லுடா" என்று அக்கா அழுதாள். "உங்க அக்காகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று மனைவியும் கண்ணைத் துடைத்தாள்.

ஆனால் அந்த ஒரு வாரத்தில் பிழைதிருத்தி ருசி கண்டுவிட்டார். கீழே ஒரு காபி, மேலே ஒரு காபி. அவர் சட்டையை இஸ்திரி போட இரண்டு பேருக்குள் போட்டி. பாவி மனுஷன் இரண்டு மன்னிப்பையும் படிக்கட்டிலேயே முழுங்கிவிட்டார். "சொன்னீங்களா?" என்று கேட்டால், "அடடா, மறந்தே போச்சு!" கொஞ்ச நாளில் கேட்பதும் நின்றது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பெண்கள் பதினோரு வருஷம் முகம் பார்க்காமல் கிடந்தார்கள். இனி அவர்கள் பேசிக்கொண்டால் இவர் கதை கந்தல். அதனால் பேசவே கூடாது.

இந்த லட்சணத்தில்தான் இப்போது ஞாபகசக்திக்கு மருந்து.

குணமாகிவிட்டது என்று சொல்லித் தப்பிப்போம் என்று தோன்றியது. மறுநாள் காலையில் மனைவியிடம் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, அவளுடைய செருப்பு அளவு, மாமனாரின் பழைய போன் நம்பர் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தார்.

"அடேங்கப்பா!" என்று பூரித்தாள் மனைவி. "அப்போ நல்லா யோசிச்சுப் பாருங்க. யாராவது, எப்பவாவது, என்கிட்ட சொல்லச் சொல்லி ஏதாவது சொன்னாங்களா?"

பிழைதிருத்திக்கு வியர்த்தது. "அது... அது மட்டும் வரலை."

"பரவாயில்லை. ரெண்டு டம்ளரா குடிச்சா வரும்."

மாடிக்குப் போனார். "அக்கா, வல்லாரையே கேக்குது. உன் மருந்தை நிறுத்திடலாம்."

"கேக்குதா? அப்போ நல்லா யோசிச்சுப் பாரு. யாராவது, எப்பவாவது, என்கிட்ட சொல்லச் சொல்லி ஏதாவது சொன்னாங்களா?"

வார்த்தைக்கு வார்த்தை அதே கேள்வி. கமா இடம் மாறினாலே கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு இது மட்டும் உறைக்கவில்லை.

"வரலைக்கா."

"அப்போ நீர்ப்பிரம்மியையும் ரெண்டு டம்ளராக்கிடுவோம்."

நாலு டம்ளர் கசப்பு நாக்கிலேயே நிற்க, அன்றைக்கு அச்சகத்தில் குடிநீர்க் குழாய் பழுது பற்றிய சுவரொட்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்நூறு சுவரொட்டி ஓடிய பிறகு முதலாளி ஒன்றைக் கொண்டுவந்து அவர் மேசையில் அடித்தார்.

"படியும்யா!"

"தடங்கலுக்கு வருத்துகிறோம்."

"வருந்துகிறோம்யா, வருந்துகிறோம்! ஒரு எழுத்து உம்ம கண்ணுக்குத் தெரியலை. இன்னொரு தப்பு வந்தா நீர் வீட்டுக்குப் போயிடும்."

வீட்டுக்குப் போகவா? அங்கே நாலு டம்ளர் காத்திருந்தது. நேராக மூலிகைக் கடைக்குப் போனார். காலையில் இரண்டு வீட்டிலிருந்தும் நைசாக எடுத்து வைத்திருந்த பொட்டலங்களைக் கடைக்காரம்மாவின் முன்னால் பிரித்தார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரெண்டையும் குடிக்கிறாரும்மா. வல்லாரையா, நீர்ப்பிரம்மியா, ஞாபகத்துக்கு எது நல்லதுன்னு நீங்களே ஒண்ணைச் சொல்லிடுங்க. இன்னொண்ணையாவது நிறுத்தச் சொல்றேன்."

கடைக்காரம்மா இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள். பிறகு சிரித்தாள்.

"இது நான் கட்டின பொட்டலம்தான். ரெண்டுலயும் பாதிக்குப் பாதி நிலவேம்பு."

"நிலவேம்பா? அது எதுக்கு ஞாபகத்துக்கு?"

"ஞாபகத்தைப் பத்தி யார் சார் கேட்டாங்க? கீழ்வீடு மேல்வீடாம், ரெண்டு அம்மாங்க கைகோத்துக்கிட்டு வருவாங்க. எது ரொம்பக் கசக்கும்னுதான் கேப்பாங்க. 'எங்க மன்னிப்பையே முழுங்கினவர், இதையும் முழுங்கட்டும்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."