நாசமாய்ப் போகும் உரிமை

முதலீட்டாளர் கொடுக்கும் புகாருக்கு உரிய கெடுவுக்குள், காரணங்களோடு, எழுத்தில் பதில் தர வேண்டும். இது விதி. கருவூலத்தில் உட்கார்ந்து அடுத்தவர் பில்லில் ஓட்டை தேடியே ஓய்வு பெற்ற எனக்கு விதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் வாங்க நினைத்தது ஒரு வெளிநாட்டு ஃபண்டு. நம் பணத்தோடு கடனையும் சேர்த்துச் சூதாடும் ரகம். சந்தை ஒரு பங்கு ஏறினால் இது மூன்று பங்கு ஏறும். (இறங்கினாலும் மூன்று பங்குதான். அந்த வரியைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். நானும் சின்ன விஷயமாகவே எடுத்துக்கொண்டேன்.) தரகு நிறுவனத்தின் செயலி என் வயதைக் கேட்டது, "இந்தத் திட்டம் உங்களுக்கு உகந்ததல்ல" என்று கதவைச் சாத்தியது.

விடுவேனா? புகார் எழுதினேன். "வயது வந்த குடிமகன் தன் சொந்தப் பணத்தில் நாசமாய்ப் போவதைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை." இன்றைக்கும் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன்.

அந்தச் சொந்தப் பணம் என் மனைவி முத்துலட்சுமி காசிக்குப் போகச் சேர்த்து வைத்தது என்பதைக் குறிப்பிடவில்லை. (புகாருக்குத் தொடர்பில்லாத தகவல்.)

பதில் வரவில்லை. மைத்துனன் பாண்டிதான் வந்தான். கம்பத்தில் திராட்சை வியாபாரம்.

"என்ன மச்சான், வெளிநாட்டுக்காரன்ட்டப் போய்க் கெஞ்சிக்கிட்டு? மூணு மடங்குதான வேணும்? இங்கன வாங்க. கொடியில காயா இருக்கைலயே ஒரு தோட்டத்த மொத்தமாப் பேசி முடிச்சிருவோம். ஒங்க காசு ஒரு பங்கு, கடன் ரெண்டு பங்கு. லாபம் பூரா ஒங்களுக்கு."

"பழுக்கலைன்னா?" என்றாள் முத்துலட்சுமி.

"திராட்சை பழுக்காம பின்ன பலாவா பழுக்கும், அக்கா?"

காசிப் பணம் தோட்டத்துக்குப் போனது; கடனுக்காக அவளுடைய சங்கிலி அடகுக்குப் போனது. அங்கே சங்கிலியின் எடையைக் கேட்டார்கள். என் வயதைக் கேட்கவில்லை. எனக்கு இது உகந்ததா என்று ஒருவரும் கவலைப்படவில்லை. சுதந்திரம் என்றால் இதுவல்லவா என்று நெஞ்சு நிமிர்ந்தது.

பழமும் பழுத்தது. விலையும் ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பாண்டி பதறிக்கொண்டு வந்தான்.

"மச்சான், இன்னைக்கே வெட்டிருவோம். மேக்க கருத்துக்கிட்டு வருது."

"பொறு மாப்ள. மழைக்கு வாய்ப்பில்லைன்னு அதிகாரபூர்வமா அறிவிச்சிருக்காக. இன்னும் ரெண்டு நாள்ல விலை ஏறும்."

"அறிவிச்சது மேகத்துக்குத் தெரியுமா மச்சான்?"

தெரியவில்லை. அன்று பிற்பகலே மழை பிடித்துக்கொண்டது. பழுத்த திராட்சை மழைநீரைக் குடித்தால் தோல் தாங்காது, வெடித்துவிடும். பந்தலுக்குக் கீழே குடையோடு நின்று, என் முதலீடு மூன்று மடங்கு வேகத்தில் வெடிப்பதைப் பார்த்தேன். பின்னாலேயே வந்த முத்துலட்சுமி கொஞ்சநேரம் கொத்துகளைப் பார்த்தாள். அப்புறம் வானத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த மேகத்து மேலயும் ஒரு புகார் எழுதிப் போடுங்களேன்."

தேறிய பழத்தை வீட்டுக்கு அள்ளி வந்து பிழிந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் திராட்சை ஜூஸ். "மூணு மடங்கு குடிக்கிறீகளா?" என்றுதான் கேட்பாள். இன்று வரை எங்கள் உறவில் அந்த ஜூஸுக்கு அதுதான் பெயர்; போன மாதக் கல்யாணப் பந்தியில்கூட ஒருவர் என் முகத்துக்கு நேராகவே "எனக்கு அரை டம்ளர் மூணு மடங்கு போதும்" என்றார்.

பென்ஷன் நிலுவை வந்த பிறகுதான் சங்கிலி அவள் கழுத்துக்குத் திரும்பியது. காசிக்கும் ஒருவழியாகப் போனோம். (விமானம் ரயிலாகச் சுருங்கியிருந்தது.)

காசிக்குப் போனால் பிடித்தது ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். நான் பாகற்காய் என்றேன்.

"அத நீங்க என்னைக்குத் தொட்டீக? அந்த ஃபண்ட விடுங்க."

தின்கிற பொருளைத்தான் விட வேண்டும், அதுதான் முறை என்று ஆட்சேபணை எழுப்பினேன்.

"அந்த ஃபண்டு ஆசதான என் காசிப் பணத்தத் தின்னுச்சு? அப்ப அதுவும் தீனிப் பண்டந்தான். முங்குங்க."

ஆட்சேபணை தள்ளுபடி. மூன்று முறை முங்கி எழுந்தேன். கங்கையில் விட்டது விட்டதுதான். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

தரகு நிறுவனத்திலிருந்து பதிலும் வந்தது. என் வாதம் ஏற்கப்பட்டதாம், தடை நீக்கப்பட்டதாம், இனி அந்த ஃபண்டில் வரம்பின்றி முதலீடு செய்யலாமாம். அது வந்து சேர்ந்த தேதி, நாங்கள் கங்கைச் சொம்போடு எங்கள் ஊரான தேனியில் வந்து இறங்கிய அதே தேதி.