கோடு ரீடரும் கொண்டை ஊசியும்

மனைவி கிழித்த கோட்டைத் தாண்டாதவன் என்று வலியசாலைத் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பேச்சு உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்டவனும் ஒருநாள் சொந்தமாக ஒரு கோடு பார்க்கலாம் என்று கிளம்பினான். அதில் என்ன ஆனான் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் சிவதாணு. வயது ஐம்பத்தாறு. சாலைக் கடைத்தெருவில் ஓர் எவர்சில்வர் மொத்தக்கடையில் மேனேஜர். திருவனந்தபுரத்துக்கு வந்து முப்பது வருஷமாகிறது. நாகர்கோவில் தமிழ் வாயை விட்டுப் போகவில்லை, மலையாளம் வாய்க்குள் முழுசாக வரவில்லை. இடையில் இருக்கிற இடத்தில் பொய் நுழையலாம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் எனக்காக இல்லை, ஒரு காருக்காக.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு பழைய கார் வாங்கினேன். விற்றவர் தொண்ணூற்றெட்டு மாடல் என்று என் கையில் அடித்துச் சொன்னார். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். என் மனைவி விஜயம் ஆரத்தித் தட்டோடு வந்தாள். தட்டைச் சுற்றும் முன் ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்க அத்தான் வச்சிருக்கது ரெண்டாயிரம் மாடலாக்கும். இது எந்த வருசம்?"

அத்தான் என்றால் அவளுடைய அக்காவின் கணவர். என் வீட்டில் எல்லாத் தராசிலும் எதிர்த்தட்டில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். என் வாயிலிருந்து "ரெண்டாயிரத்தொண்ணு" என்று வந்துவிட்டது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. விஜயத்தின் முகம் மலர்ந்தது. மூன்று வயது குறைந்த காருக்கு ஆரத்தி சுற்றியாயிற்று.

அன்றிலிருந்து இந்த ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று கரமனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஷிபு. ஷிபுவுக்குக் கை நல்ல கை. வாய்தான் சரியில்லை. பானெட்டைத் திறந்ததும் "தொண்ணூத்தெட்டு மாடலல்லவா சாரே, இத்தர தூரம் ஓடினதே பாக்கியம்" என்று கரமனை ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி சொல்வான். ஆகவே நாலு வருஷமாக அவனை எங்கள் தெருப் பக்கமே நான் வரவிட்டதில்லை. டயரில் காற்று இறங்கினால்கூட நானே தள்ளிக்கொண்டு போய்விடுவேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், இரண்டாயிரத்து ஏழு தை மாதம், ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. எரிந்தது, அணையவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்யாண நாள். பொன்முடிக்குப் போவதென்று விஜயம் ஒரு மாதம் முன்னாலேயே முடிவு செய்து எனக்கும் தெரிவித்திருந்தாள்.

"மலையில இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு இருக்கு. விளக்கு எரியற வண்டியில நான் ஏற மாட்டேன். ஷிபுவ வீட்டுக்கு வரச் சொல்லுங்க. என்ன ஏதுன்னு நானும் பக்கத்துல நின்னு கேக்கணும்."

ஷிபு வருவான், பானெட்டைத் திறப்பான், வாயையும் திறப்பான். நாலு வருஷ கௌரவம் தெருவில் கிடக்கும். பொன்முடி போனாலும் போகாவிட்டாலும் சரி, ஷிபு மட்டும் என் வீட்டு வாசலில் காலை வைக்கக்கூடாது என்று அன்று ராத்திரி சோறு தின்றுகொண்டே சபதம் எடுத்தேன்.

வழி மறுநாளே கிடைத்தது. எங்கள் கடைக்கு வரும் பாலராமபுரம் வியாபாரி ஒருவர் சொன்னார். இப்போதுள்ள காருக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறதாம். வண்டிக்கு ஒரு கோளாறு வந்தால் அது ஒரு நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளுமாம். அந்த நம்பருக்குப் பெயர் கோடு. கோடு ரீடர் என்று ஒரு கைமிஷின் விற்கிறார்கள், அதை ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினால் நம்பர் திரையில் வந்து நிற்கும், எந்த மெக்கானிக்கும் வேண்டாம் என்றார். கடைசி நாலு வார்த்தை என் காதில் தேனாகப் பாய்ந்தது.

வீட்டுக்கு வந்து அறிவித்தேன். இனிமேல் இந்த வீட்டில் ஷிபு பேச மாட்டான், மிஷின் பேசும் என்றேன். விஜயம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மிஷின் வாங்கப் போகும்போது தானும் வருவதாகச் சொன்னாள்.

கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் மூன்று மிஷினை எடுத்து வைத்தார். முதலாவது சோப்புப் பெட்டி அளவு. நம்பரை மட்டும் காட்டும், அர்த்தத்தைப் புத்தகத்தில் தேடவேண்டும். இரண்டாவது கொஞ்சம் பெரிசு. நம்பரையும் சொல்லும், இன்ன கோளாறு என்று இங்கிலீஷில் எழுதியும் காட்டும். மூன்றாவதைத் தொடவே விடவில்லை. அது பெரிய பட்டறைக்காரர்கள் வாங்குவதாம். நான் இரண்டாவதைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தேன். பாத்திரக் கடைக்காரனுக்கு எதையும் எடை பார்க்காமல் வாங்க வராது.

அப்போதுதான் கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வண்டி ஏது வருஷம் சாரே? ரெண்டாயிரத்துக்குப் பிறகுள்ளதானா இது எடுத்தா மதி, போதும். அதுக்கு முன்னேயுள்ளதானா இது பிடிக்காது, வேற வேணும்."

எனக்குப் பின்னால் விஜயம் நின்றுகொண்டிருந்தாள். காருக்குள் தொங்கவிடும் வாசனைப் பாட்டில்களை ஒவ்வொன்றாக மூக்கருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றெட்டு என்று சொன்னால் மிஷின் வேலை செய்யும், நான் வேலை செய்ய மாட்டேன். இரண்டாயிரத்தொன்று என்று சொன்னால் நேர்மாறு.

"ரெண்டாயிரத்தொண்ணு," என்றேன்.

கடைக்காரர் சந்தேகத்தோடு இன்னொரு முறை கேட்டார். உறப்பா, நிச்சயம்தானா என்றார். நான் பதில் சொல்லும் முன் பின்னாலிருந்து விஜயம் சொன்னாள்.

"அவியளுக்கு வருசமெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும். தைரியமா குடுங்க."

என் பெண்டாட்டிக்கு என்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிஷினை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோதனை. எதிர்வீட்டு சரஸ்வதியம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள். கோலம் போட வந்த மாதிரி தெரியவில்லை. நான் தலையைக் கீழேயும் காலை வெளியேயும் வைத்து ஸ்டியரிங்குக்கு அடியில் புகுந்து பிளக்கைச் சொருகினேன். சாவியைத் திருப்பினேன். மிஷினில் பச்சை வெளிச்சம் வந்தது. யோசித்தது. நானும் யோசித்தேன். பிறகு கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டியது: லிங்க் எரர்.

பிடுங்கிச் சொருகினேன். லிங்க் எரர். பிளக்கை ஊதித் துடைத்துச் சொருகினேன். லிங்க் எரர். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மிஷின் இரண்டாயிரத்தொன்று. வண்டி தொண்ணூற்றெட்டு. ஒன்றின் பாஷை மற்றதுக்குத் தெரியவில்லை. கோடு பார்க்கப் போனவன் நன்றாகக் கோட்டை விட்டேன்.

"என்ன சொல்லுது?" என்றாள் விஜயம், ஜன்னலுக்குள் தலையை விட்டு.

எனக்குள் இருக்கும் மேனேஜர் விழித்துக்கொண்டான். சரக்கு இல்லாதபோது வாடிக்கையாளரை அனுப்பத் தெரியாதவன் என்ன மேனேஜர்? லிங்க் எரர் என்பது ஒரு கோளாறின் பெயர் என்றேன். இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு லிங்க் உண்டு, அது லேசாகத் தளர்ந்திருக்கிறது, சமதரையில் ஒன்றும் தெரியாது, கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதுதான் தொந்தரவு, வண்டிக்குப் பத்து நாள் ஓய்வு கொடுத்தால் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்றேன். சரஸ்வதியம்மாள் தன் முழங்காலுக்கும் டாக்டர் இதையே சொன்னார் என்றாள்.

விஜயம் ஜன்னலிலிருந்து தலையை வெளியே எடுத்தாள். "பாவம், வண்டி," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் கோவிலுக்கு என்று சொல்லி மிஷினைத் துணிப்பைக்குள் ஒளித்துக்கொண்டு கிள்ளிப்பாலத்துக்கு நடந்தேன். ரகசியமாகப் பழைய வண்டிக்கு உள்ளதை மாற்றி வாங்கிவிடலாம் என்று திட்டம். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டு பிரித்ததை எடுக்க முடியாது என்றார். கெஞ்சினேன். அவர் ஒரு வாசனைப் பாட்டிலை இலவசமாகத் தந்து அனுப்பினார்.

மல்லிகை வாசனையோடு தெருவுக்குள் திரும்பினால், என் வாசலில் காரின் பானெட் திறந்து கிடக்கிறது. டிரைவர் சீட்டில் விஜயம். தலைமுடி தோளில் அவிழ்ந்து கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அவளை அவிழ்ந்த தலையோடு நான் பார்த்ததில்லை. கண்ணை அந்த மஞ்சள் விளக்கின்மேல் நட்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பேசாதீங்க. எண்ணிட்டிருக்கேன்."

விளக்கு ஒருமுறை மின்னியது. கொஞ்சம் நின்றது. மூன்று முறை மின்னியது. நின்றது. மறுபடியும் ஒன்று, மறுபடியும் மூன்று.

"பதிமூணு," என்றாள் விஜயம். "நாலு தடவை பாத்தாச்சு, மாறவே இல்ல. பதிமூணுன்னா ஆக்சிஜன் சென்சராம். பத்து மணிக்கு ஷிபு வாங்கிட்டு வாறான்."

உன் கொண்டை என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்க வந்தது. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு சின்னக் கறுப்புப் பிளக்கின் இரண்டு ஓட்டைகளில் அவளுடைய கொண்டை ஊசி கால் விரித்து உட்கார்ந்திருந்தது. இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"ஷிபுதான். போன்ல கேட்டேன். மிஷின் பிடிக்கலன்னேன். அவன் சிரிக்கான். தொண்ணூத்தெட்டு மாடலுக்கு எதுக்கு சேச்சி மிஷின், அந்த ரெண்டு ஓட்டையையும் ஒரு கம்பி வச்சு சேத்தா விளக்கே எண்ணிச் சொல்லுமேன்னான்."

தொண்ணூற்றெட்டு. அவள் வாயிலிருந்து அந்த எண் வந்துவிட்டது. நான் கடைசி முயற்சியாக, ஷிபுவுக்கு வருஷமெல்லாம் சரியாகத் தெரியாது, அவன் ஏதோ உளறியிருக்கிறான் என்றேன்.

"அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? வண்டி வந்த அன்னைக்கே ஆர்.சி. புக்கை எங்கிட்டதானே தந்திய. பத்திரமா வைன்னு."

பத்திரமாக வை என்று சொன்னவன், படிக்காதே என்று சொல்ல மறந்துவிட்டேன். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் அவள். பின்னே கடையில் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எவ்வளவு தூரம் போவியன்னு பாத்தேன். இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் லிங்க் வரைக்கும் போயிட்டிய."

சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் எனக்கு உயிர் வந்தது. அத்தானிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும், நாலு வருஷமாகத் தானும் அக்காவிடம் இரண்டாயிரத்தொன்று என்றுதான் சொல்லி வருவதாகச் சொன்னாள். அந்த நிமிஷம் அவள்மேல் எனக்கு வந்த பிரியத்தை எழுதிக் காட்ட எனக்குத் தமிழும் போதாது, மலையாளமும் போதாது.

ஷிபு வந்தான். அரைமணி நேரத்தில் சென்சரை மாற்றினான். எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக உட்கார்ந்து ஆறு தோசை தின்றான். தோசைக்கு ஒன்றாகத் தொண்ணூற்றெட்டு மாடல் என்று ஆறு தடவை சொன்னான். சொல்லட்டும் என்று சட்னியை ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை பொன்முடி. விதுராவில் நிறுத்திச் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டோம். விளக்கு எரியவில்லை. கிழவி வண்டி ஒரு முனகல் இல்லாமல் மலை ஏறியது. விஜயம் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். அவளுடைய கொண்டை ஊசி மறுபடியும் கொண்டைக்கு வந்திருந்தது. இருபத்திரண்டும் முடிந்து உச்சியில் நிறுத்தியபோது மஞ்சு இறங்கி எதிரே இருந்த தேயிலைச் சரிவை மூடிக்கொண்டிருந்தது. நல்ல குளிர். இரண்டு பேரும் காரில் சாய்ந்து நின்றோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாலு வருஷமாக மடியில் கட்டிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைத்தாயிற்று.

சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்காது. விஜயம், இனி உனக்குத் தெரியாமல் என்னிடம் ஒரு பொய்கூடக் கிடையாது என்றேன். ஒன்றுகூட இல்லையா என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்று காரின் கூரைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அவள் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். சாவகாசமாகக் கேட்டாள்.

"ஆர்.சி. புக்கை அலமாரியில பச்சை ஃபைலுக்குள்ள வச்சிருக்கேன். அதுக்கு அடியில உங்க எஸ்.எஸ்.எல்.சி. புக்கும் இருக்கு. வண்டிக்குக் குறைச்ச அதே மூணுதான், என்னைப் பெண் பாக்க வந்தப்ப உங்களுக்கும் குறைச்சிருக்கிய. வார ஆவணியில உங்களுக்கு ஐம்பத்தேழு இல்ல, அறுபதாக்கும். அறுபதாம் கல்யாணத்தை எங்க வச்சு நடத்துவோம்?"

நான் வாயைத் திறந்தேன். லிங்க் எரர்.