மௌசமும் மோசமும்

கட்கி, புனே
மாசி, 1998

அன்புள்ள விஸ்வேஸ்வரன் அண்ணாவுக்கும் மன்னிக்கும் கிருஷ்ணஸ்வாமி அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம் என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மன்னிக்கவும். சரசா போன செய்தியைத் தந்தி சொல்லியிருக்கும். அதில் அடங்காததை எழுதுகிறேன்.

இத்தனை வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் எனக்கு ஹிந்தி ஏறவில்லை. ஆபீசில் இங்கிலீஷ், வெளியில் கேஸ்காரன்வரை எல்லோரிடமும் சரசாவே பேசிவிடுவாள். அவள் இருதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லடாக்கில் பட்டாளத்தில் இருக்கும் சாய்கிருஷ்ணாவை வரச்சொல்லியிருந்தோம். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பக்கத்து வீட்டு ஷிண்டே அம்மாள் மூச்சிரைக்க வார்டுக்குள் வந்து, "சாயி கா ஃபோன் ஆயா! மௌசம் பஹுத் கராப் ஹை, நஹீ ஆயேகா" என்றாள். என் காதில் விழுந்தது சாயி, மோசம், நஹீ அவ்வளவுதான். "ஐயோ, மோசம் போயிட்டேனே! என் புள்ளை போயிட்டானே!" என்று தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஷிண்டே அம்மாளும் எதற்கென்று தெரியாமலே கூட அழுதாள். நர்ஸ் எனக்கு ஊசி போட வந்துவிட்டாள்.

சரசாதான் சிரித்துக்கொண்டே, "ஏன்னா, எழுந்திருங்கோ. மௌசம்னா வானிலை. அங்கே பனி, ப்ளேன் பறக்கலை. கொழந்தை நன்னாத்தான் இருக்கான்" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் தன் மனைவிக்குத் துணையிருந்த முகமது இஸ்மாயில், வாணியம்பாடிக்காரர், அரபி வாத்தியார். அவர், "அது அரபிச் சொல்லுங்க. மவ்ஸிம்னா பருவம். கப்பல்காரங்க காத்து திரும்புற காலத்தை அப்படிச் சொன்னாங்க. ஹிந்தியில மௌசம் ஆச்சு. போர்த்துகீசியன் காதுல ஒரு மாதிரி விழுந்து, கடைசியில இங்கிலீஷ்காரன் வாயில மான்சூன் ஆயிடுச்சு" என்றார்.

"கேட்டேளா?" என்றாள் சரசா. "அவாள்ளாம் தப்பாக் கேட்டா புது வார்த்தை கெடைக்கறது. நீங்க தப்பாக் கேட்டா வார்டே அழறது." இருமல் வரும்வரை சிரித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனை அவசரப்படுத்தாதேங்கோ. வானம் தெளியட்டும்" என்றாள். மறுநாள் காலை, நான் காப்பி வாங்கப் போன நேரத்தில் போய்விட்டாள் அண்ணா.

சாயி வந்தபோது தகனம் முடிந்திருந்தது. வாசலிலேயே நின்று, "அப்பா, மௌசம்..." என்றான். "தெரியும்டா. அம்மா சொன்னா" என்றேன். அத்தனை பெரிய ஆம்பளை, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துட்டான்.

காரியங்களெல்லாம் முடிந்தன. நான் தைரியமாக இருக்கிறேன். தாங்கள் அந்த முழங்காலோடு இவ்வளவு தூரம் வரவே வேண்டாம். தங்கள் ஆசீர்வாதம் தபாலில் வந்தாலும் எனக்குப் பலிக்கும்.

தங்கள் தம்பி,
கிருஷ்ணஸ்வாமி

பி.கு.: தைரியம் என்று எழுதியபோது சாயி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இப்போதுதான் ஸ்டேஷனுக்குப் போனான். வீட்டுக்குள் இருக்க முடியலை அண்ணா. முழங்கால் எப்படி இருந்தாலும் வந்துடுங்கோ.