நாற்பத்தொன்றும் சரியாக இருந்தன

ஆவணி பதினேழு, ஞாயிறு, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். கல்வராயன் மலைப்பக்கம் கறுத்திருந்தது, வடக்கனந்தலில் தூறல். அந்த நேரத்தில்தான், முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசாங்கத்துக்காகப் பயிர்ப் பரப்பைக் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற நான், லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்ற உட்கார்ந்தேன்.

காரணம் என் மனைவி சரோஜா. அவள் போய் ஏழு மாதம். அவள் குரல் நாற்பத்தொரு பதிவுகளாக அந்த லேப்டாப்பில் மட்டும் இருந்தது. (அவளுடைய போன் அவளுக்கு முன்பே போய்விட்டது.) அவற்றில் அவள் எத்தனை முறை "ஏங்க" என்கிறாள் என்று எண்ண ஒரு நிரல் எழுத ஆசைப்பட்டேன். (காதால் கேட்டே எண்ணலாமே என்பீர்கள். மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் ஐந்தாவது பதிவில் கண் கலங்கி, கணக்கு தவறியது.) நிரல் எழுத லினக்ஸ்தான் தோது என்று யூடியூப்பில் ஒருவர் சொன்னார்.

முன்னெச்சரிக்கையில் குறை வைக்கவில்லை. திரையில் மருமகன் பதிவுக்கு ஒன்றாக வரிசையாக வைத்துக் கொடுத்திருந்த சின்னப் படங்களைப் பென்டிரைவில் நகலெடுத்தேன். எண்ணினேன்: நாற்பத்தொன்று. கீழிருந்து மேலாகவும் எண்ணினேன். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி. அதையும் விடவில்லை.

"வட்டில் உள்ள அனைத்தும் அழியும். தொடரலாமா?" என்றது லேப்டாப். "ஆம்" என்று அழுத்தினேன்.

பிறகு கம்பைலர், எடிட்டர் என்று கருவிகளை இறக்க வேண்டும். கடவுச்சொல் கேட்டது, அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை பழுது என்று பதினொரு முறை குத்தினேன். (அது அப்படித்தானாம்.) மாலை நாலரைக்கு என் முதல் நிரல் திரையில் "வணக்கம்" என்றது. எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிட்டேன்.

பென்டிரைவைச் செருகினேன். நாற்பத்தொன்றில் ஒன்றும் திறக்கவில்லை. சின்னசேலத்திலிருக்கும் மகள் கயலுக்குப் போன் செய்தேன்.

"இன்னாப்பா காப்பி பண்ண? ஓரத்துல அம்புக்குறி இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நாப்பத்தொண்ணு."

"ஐயோ, அது வெறும் ஷார்ட்கட்டுப்பா! வாசல்ல மாட்டியிருக்கிற பேர்ப்பலகைய கழட்டிக்கினு வந்துட்டு, வூடே வந்துடுச்சுன்னு நிக்கிற. சைஸ் பாத்தியா?"

"எண்ணிப் பாத்தேனே."

கயல் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. போனது அவள் அம்மாவின் குரலும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

கள்ளக்குறிச்சி கம்ப்யூட்டர் கடைக்காரர் லேப்டாப்பை இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். "பழைய பதிவு மேலயே லினக்ஸ எழுதிட்டீங்க சார். வராது."

மூன்றாம் நாள் கயல் தன் பழைய வாட்ஸ்அப்பில் தோண்டி, அவற்றில் ஒன்றை மட்டும் கண்டெடுத்து அனுப்பினாள். பதினான்கு நொடி. "உங்கப்பாவ பாருடி, மல்லாட்டய எண்ணிக்கினு கீறாரு. ஏங்க, எண்ணுனது போதும், சாப்ட வாங்க." (மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.)

இப்போதும் நான் எதையாவது எண்ண ஆரம்பித்தால், "மாமா, சைஸ் பாத்தீங்களா?" என்பார் மருமகன். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

நிரல் எழுதத் தேவையில்லாமல் போயிற்று. "ஏங்க": ஒன்று. செலவு: நாற்பது பதிவுகள், மொத்தம் மூன்று மணி ஆறு நிமிடக் குரல்.